பேச்சு வராதவர்கள் தட்டச்சு மூலம் பேசுவது என்றால் என்ன?

எழுத்தைப் போனில் தட்டினால், போன் அதைக் குரலாக வாசிக்கும். அவ்வளவுதான்.

பேசுவதற்கு மூச்சு, குரல்நாண், நாக்கு, உதடு எல்லாம் ஒரே நொடியில் ஒத்துழைக்க வேண்டும். ஆட்டிசம், பெருமூளை வாதம் உள்ள சிலருக்கு அது கூடிவருவதில்லை. வைகை அணையில் தண்ணீர் கிடந்தும் மதகு திறக்காத கதை. விரல் இன்னொரு வாய்க்கால்.

மதுரையில் ஒரு ஜிகர்தண்டா கடை. கடைக்காரர் அம்மாவைப் பார்த்து, "தம்பிக்கு என்னக்கா வேணும்?" என்றார். பையன் ஒற்றை விரலால் தட்டினான். "ஐஸ்கிரீம் தூக்கலா" என்றது போன், செய்தி வாசிக்கிற குரலில்! அப்புறம் கடைக்காரர் அவனிடமே பேசினார்.

ஆனால் யாரும் கையைப் பிடித்து நகர்த்தக் கூடாது. அப்படிச் செய்தால் வருவது கையைப் பிடித்தவரின் பேச்சு.

தட்டப் பழகினால் வாய்ப்பேச்சு நின்றுவிடும் என்று பயப்படுகிறார்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. சிலருக்குப் பேச்சு கூடியும் இருக்கிறது.