'டூ தி நீட்ஃபுல்' தப்பா சார்? – இங்கிலீஷ் கேள்வி பதில்

கல்லூரியில் இங்கிலீஷ் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் எங்கே நல்லது என்று கேட்டவர்கள் மன்னிக்கணும், அது எனக்குத் தெரியாது.

சோழிங்கநல்லூர் ஐ.டி. ஊழியர்: மெயிலில் 'வேண்டியதைச் செய்யுங்கள்' என்பதற்கு 'டூ தி நீட்ஃபுல்' என்று எழுதினேன். "இது இந்தியன் இங்கிலீஷ், தப்பு" என்று டீம் லீட் எல்லோர் முன்னாலும் சொல்லிட்டார் சார்.

தப்பில்லை தம்பி, அது சீமைச் சரக்கு. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பிரிட்டிஷ்காரர்களே எழுதியதுதான். ஆபீஸ் கடிதம் எழுத அவர்களிடம்தானே படித்தோம்? அங்கே வழக்கொழிந்தது, இங்கே தங்கிவிட்டது. கடல் தாண்டிய இங்கிலீஷில் இது சகஜம். இலையுதிர்காலத்தை அமெரிக்கர்கள் 'ஃபால்' என்கிறார்களே, அதுவும் ஒரு காலத்தில் இங்கிலாந்தில் புழங்கியதுதான். ஆனால் எந்த ஃபைல், எத்தனை மணிக்குள் என்று எழுதிவிட்டால் இந்தச் சொற்றொடரே தேவைப்படாது. உங்கள் லீட் அதைச் சொல்லியிருக்கலாம்.

குறித்த தேதியை முன்னுக்குக் கொண்டுவருவதற்கு 'ப்ரீபோன்' என்று ஒரு சொல் இருக்கிறதா?

இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே இருக்கிறது. தைரியமாக எழுதுங்கள்.

கிண்டியிலிருந்து: மீட்டிங்கில் அமெரிக்க க்ளையன்ட் 'லெட்ஸ் டேபிள் திஸ்' என்றார். லண்டன் ஆள் உடனே அதைப் பற்றியே பேச ஆரம்பித்துவிட்டார்!

பிரிட்டனில் அதற்கு 'விவாதத்துக்கு எடுப்போம்' என்று பொருள். அமெரிக்காவில் 'தள்ளிப்போடுவோம்'. இரண்டாம் உலகப் போரின்போது இரு நாட்டு அதிகாரிகளும் இதே சொல்லால் நெடுநேரம் மல்லுக்கட்டியதாகச் சர்ச்சிலே எழுதியிருக்கிறார். "இப்பவா, அப்புறமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மயிலாப்பூர் தாத்தா ஒருவர்: வாட்ஸ்அப்பில் 'ஓகே' போட்டு முற்றுப்புள்ளி வைத்தால், "கோபமா தாத்தா?" என்கிறாள் பேத்தி.

பேத்தி கற்பனை செய்யவில்லை ஐயா. அமெரிக்காவின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் 2015இல் இதை ஆராய்ந்தார்கள். ஒற்றைச் சொல் பதிலில் முற்றுப்புள்ளி இருந்தால், அது மனசார வந்த பதில் இல்லை என்று மாணவர்களுக்குத் தோன்றியது. அதையே காகிதத்தில் கையால் எழுதிக் காட்டியபோது அப்படித் தோன்றவில்லை. செல்போனில் 'சென்ட்' அழுத்தினாலே வாக்கியம் முடிந்துவிடுகிறது. அதற்கு மேலும் ஒரு புள்ளி என்றால், வேண்டுமென்றே வைத்ததாகப் படுகிறது. பேத்திக்கு எழுதும்போது புள்ளியை விட்டுவிடுங்கள். வங்கிக்கு எழுதும்போது வையுங்கள்.

பிளஸ் டூ மாணவி, பெரம்பூர்: ஒரே ஆளைக் குறிக்கப் பன்மையான 'தே' எழுதினால் மிஸ் அந்தச் சொல்லை அடித்துவிடுகிறார். புது ஃபேஷனாம்.

14ஆம் நூற்றாண்டிலிருந்தே அந்த வழக்கம் உண்டும்மா. 'யூ'வும் முதலில் பன்மைதான், ஒருமைக்கு 'தௌ' இருந்தது. மரியாதைக்காக ஒருவரையும் 'யூ' என்று சொல்லிச் சொல்லியே 'தௌ' வழக்கொழிந்தது. தமிழில் நடக்காததா? பன்மையாக இருந்த 'அவர்' ஒருவருக்கானது. கூட்டத்துக்கென்று 'அவர்கள்' வந்தது. அதையும் விடாமல் 'அமைச்சர் அவர்கள்' என்று ஒரே ஆளுக்குப் போஸ்டர் ஒட்டுகிறோம். ஆனால் பரீட்சையில் மிஸ் சொன்னபடியே எழுது, மார்க் அவர் கையில்.