தலைமுடி அகலத்துல ஒரு கால்வாய்: வாசகர் கேள்விகள்

போன மாசம் மைக்ரோஃப்ளூயிடிக்ஸ் பத்தி நாலு வரி எழுதினேன், அதாவது தலைமுடி அகலமே இருக்கிற கால்வாய்ல துளியூண்டு திரவத்தை ஓட்டி சோதனை பண்ற எங்க வேலையைப் பத்தி. அந்தக் கால்வாய் இருக்கிற சின்னத் தகட்டைத்தான் சிப்புன்னு சொல்றோம். அதுக்கு வந்த கேள்விகள்ல ஒரே மாதிரி இருந்ததையெல்லாம் சேர்த்து இங்க பதில் சொல்லியிருக்கேன்.

கே: சிப்புன்னு சொல்றீங்களே, அதுல கரண்ட் ஓடுமா?

பெரும்பாலும் ஓடாது. தண்ணி, ரத்தம், எண்ணெய், இப்படி ஏதாவது ஓடும். செய்யுற முறை கம்ப்யூட்டர் சிப் பண்றவங்ககிட்டேர்ந்து வந்ததால பேரும் ஒட்டிக்கிச்சு. 1979-லயே ஸ்டான்ஃபோர்டுல ஒன்றரை மீட்டர் நீளக் கால்வாயை சுருள் சுருளா ஒரே சிலிக்கான் வேஃபர் (மெல்லிய வட்டத் தகடு) மேல செதுக்கி, வாயுக் கலவையைப் பிரிக்கிற கேஸ் குரோமடோகிராஃப் பண்ணிக் காட்டிட்டாங்க. வீட்டுல இருக்கிற இங்க்ஜெட் பிரிண்டரோட ஹெட்டும் இதே குடும்பம்தான்.

கே: அவ்ளோ சின்னதை எதை வச்சு வெட்டுறீங்க?

நாங்க வெட்டுறதில்ல, அச்சுல வார்க்குறோம். மொதல்ல வேஃபர் மேல எஸ்யூ-8னு ஒரு ரெசிஸ்ட், வெளிச்சம் பட்டா இறுகிடற பிசின், அதை ஊத்தி வேகமா சுத்தவிடுவோம், சுத்துற வேகத்தைப் பொறுத்து தடிமன் வரும், அப்புறம் ஹாட் பிளேட்ல வச்சுட்டு கால்வாய் படம் போட்ட மாஸ்க் வழியா யூவி அடிச்சு, திரும்ப ஒரு தடவை சூடு காட்டி டெவலப்பர்ல கழுவினா வெளிச்சம் பட்ட இடம் மட்டும் மேடா நிக்கும். அந்த மேடுதான் அச்சு. அதுமேல பிடிஎம்எஸ்ங்கிற சிலிக்கோன் ரப்பரை, பத்து பங்குக்கு ஒரு பங்கு கியூரிங் ஏஜென்ட் (இறுக வைக்கிற பொருள்) கலந்து, வேக்குவம்ல காத்தையெல்லாம் எடுத்துட்டு ஊத்தி, 70 டிகிரி வாக்குல ஓவன்ல வச்சா ரெண்டு மணி நேரத்துல இறுகிடும். உரிச்சா மேடு இருந்த இடத்துல பள்ளம். டியூபுக்கு ஓட்டை போட்டு, கண்ணாடி ஸ்லைடையும் ரப்பரையும் கொஞ்ச நேரம் ஆக்சிஜன் பிளாஸ்மால (மின்சக்தியால அயனியாக்கின ஆக்சிஜன் வாயு) காட்டி ஒண்ணோட ஒண்ணு வச்சா ஒட்டிக்கும், அதுக்கப்புறம் பிரிக்கப் பாத்தா ரப்பர்தான் கிழியும்.

ஒரே அச்சுல எத்தனையோ சிப் எடுக்கலாம், கிளீன்ரூம் (தூசியை வடிகட்டின அறை) வேலை அச்சு பண்றதோட சரி. 1998-ல ஹார்வர்டுல வேதியியலாளர் ஒயிட்சைட்ஸோட குழு இந்த வழியைக் காட்டின பிறகுதான் சிலிக்கான் சிப் தயாரிக்கிற வசதியே இல்லாத உயிரியல் லேப்கூட இதுக்குள்ள வந்துச்சு. என்னைக் கேட்டா இந்தத் துறையை வளத்ததே அந்த ரப்பர்தான்.

கே: கிளீன்ரூம்ல ஏன் எப்பவும் மஞ்ச லைட்?

ரெசிஸ்ட் நீலத்துக்கும் யூவிக்கும் மட்டும்தான் மசியும், மஞ்சளைக் கண்டுக்காது. அவ்ளோதான்.

கே: ரெண்டு திரவத்தை ஒரே கால்வாய்ல விட்டாலும் உடனே கலக்காதுன்னு எழுதியிருந்தீங்க. நம்பவே முடியல!

நம்புங்க, சிவப்பு மையும் நீல மையும் தண்டவாளம் மாதிரி பக்கத்து பக்கத்துல போறதை மைக்ரோஸ்கோப்ல பாத்தா யாருக்கும் மொதல் தடவை கண்ணை நம்ப முடியாது. காரணம் ரெனால்ட்ஸ் எண். திரவத்தோட வேகம் பெருசா, பிசுபிசுப்பு பெருசான்னு சொல்ற கணக்கு அது. சாதாரண குழாய்ல அது 2000 வாக்குல தாண்டினாதான் சுழல், கொந்தளிப்பெல்லாம் வரும். 100 மைக்ரான் (மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு) கால்வாய்ல செகண்டுக்கு 1 மில்லிமீட்டர் வேகத்துல தண்ணி போனா அந்த எண் வெறும் 0.1. அங்க பிசுபிசுப்பு வச்சதுதான் சட்டம்.

அப்போ கலக்குறதுக்கு மிச்சம் இருக்கிற ஒரே வழி, மூலக்கூறுங்க தானா பரவுறது, அதாவது டிஃப்யூஷன். இதுல வேடிக்கை என்னன்னா தூரம் பத்து மடங்கு குறைஞ்சா நேரம் நூறு மடங்கு குறையும். சாதாரண சாயம் அசையாத தண்ணில 1 சென்டிமீட்டர் பரவ ஒரு நாளுக்கு மேல ஆகும், 100 மைக்ரானுக்கு சுமார் 10 செகண்ட், 10 மைக்ரானுக்கு செகண்ட்ல பத்துல ஒரு பங்கு. 10 செகண்ட் வேகமாச்சேன்னு தோணும், ஆனா மேல சொன்ன வேகத்துல அதுக்குள்ள திரவம் 1 சென்டிமீட்டர் ஓடிடும், சிப்பே பல சமயம் அவ்ளோதான் இருக்கும், புரதம் மாதிரி பெரிய மூலக்கூறுன்னா இன்னும் பத்து மடங்கு இழுக்கும். அதுக்குத்தான் 2002-ல கால்வாயோட தரையில மீன் முள்ளு மாதிரி சாய்வா வரிப்பள்ளம் போட்டாங்க, திரவம் ஓடும்போதே புரண்டு புரண்டு மடிஞ்சு, பரவ வேண்டிய தூரம் குறைஞ்சுடும். மோட்டார் கிடையாது, விசிறி கிடையாது, வெறும் வடிவம்! இந்த வேலையில எனக்கு இன்னும் அலுக்காத விஷயம் இது.

கலக்காததையே சில பேர் லாபமாவும் மாத்திக்கிறாங்க. ரத்தத்தையும் உப்புக்கரைசலையும் பக்கத்து பக்கத்துல ஓட்டினா சின்ன மூலக்கூறு மட்டும் இந்தப் பக்கம் வந்துடும், செல் அங்கேயே நிக்கும். ஃபில்டரே வேணாம்.

கே: இந்த வேலையில ரொம்ப எரிச்சலானது எது?

குமிழி. குமிழி. குமிழி. 50 மைக்ரான் ஆரம் இருக்கிற குமிழியைத் தள்ள கிட்டத்தட்ட 30 சென்டிமீட்டர் உயரத் தண்ணியோட அழுத்தம் தேவைப்படலாம், அதனால அது உக்காந்த இடத்துல உக்காந்துக்கும். பிடிஎம்எஸ் வழியா காத்து வேற ஊடுருவும். சரி வேகத்தைக் கூட்டுவோம்னா, குழாயோட விட்டம் பாதியானா அதே அளவு ஓட்ட 16 மடங்கு அழுத்தம் வேணும், டியூப் சேர்ற இடம் பிச்சுக்கும். அழகான டிசைன்லாம் இந்த டியூப் ஜாயின்ட்லதான் சாகும், ஆராய்ச்சிக் கட்டுரைல அதைப் பத்தி ஒரு வரிகூட இருக்காது.

கே: மக்களுக்கு இதனால என்ன வந்திருக்கு?

கர்ப்பப் பரிசோதனை ஸ்ட்ரிப், சுகர் பாக்குற ஸ்ட்ரிப் ரெண்டுமே திரவத்தைத் தானா உறிஞ்சி இழுக்குற சாதனம்தான், பம்ப் கிடையாது. ஆராய்ச்சி லேப்கள்ல எண்ணெய்க்குள்ள நானோலிட்டர் துளியா பிரிச்சு துளிக்கு ஒரு செல் வச்சுப் படிக்கிற முறை இப்போ சாதாரணமாயிடுச்சு. ஆனா நிறைய சிப்பு இன்னும் நாலு பம்பும் ஒரு மைக்ரோஸ்கோப்பும் இல்லாம அசையாது, சிப்புக்குள்ள லேப்னு சொல்லிட்டு லேப்புக்குள்ளதான் சிப்பை வச்சிருக்கோம்னு எங்க ஆளுங்களே கிண்டல் பண்ணுவாங்க.

கே: சிப் மேல நுரையீரல் வந்தாச்சே, இனி மிருகங்கள் மேல மருந்து சோதனை தேவையில்லையா?

2010-ல வந்த அந்த சிப்புல மெல்லிய சவ்வோட ஒரு பக்கம் நுரையீரல் செல், மறுபக்கம் ரத்தக்குழாய் செல், மூச்சு விடற மாதிரி சவ்வை இழுத்து இழுத்து விடுவாங்க. அருமையான வேலை, சந்தேகமில்ல. ஆனா பிடிஎம்எஸ் எண்ணெய்ப்பசை உள்ள சின்ன மருந்து மூலக்கூறை உறிஞ்சிக்கும், செல்லுக்கு எவ்ளோ போச்சுன்னே கணக்கு தப்பிடும். சில சோதனையைக் குறைக்கலாம், முழுசா நிறுத்திடலாம்னு இப்போ சொல்றது அவசரம்.

கே: மெக்கானிக்கல் படிக்கிறேன், எங்க காலேஜ்ல கிளீன்ரூம் இல்ல. இதுல இறங்கலாமா?

தாராளமா. டபுள் சைடு டேப்பில கால்வாயை வெட்டி ரெண்டு அக்ரிலிக் தகட்டுக்கு நடுவுல ஒட்டினாலே சில நூறு மைக்ரான் கால்வாய் கிடைச்சுடும். ரெண்டு சிரிஞ்சு, ரெண்டு கலர் சாயம், கீழ ஒரு ஸ்கேல் வச்சு மொபைல்ல படம் எடுங்க, எவ்ளோ தூரத்துல கலக்குதுன்னு அளந்து மேல சொன்ன கணக்கோட ஒத்துப்பாருங்க, ஒத்துவரலன்னா மொதல்ல குமிழியைத் தேடுங்க.