ஜகார்த்தா முதல் ஃப்ளோரெஸ் வரை தரைவழிப் பயணம்: கப்பல் நின்றால், பாஸ்போர்ட் தொலைந்தால் என்ன செய்வது?

கேள்வி: நானும் என் நண்பரும் மதுரையிலிருந்து வருகிற ஜூலையில் இந்தோனேசியா போகிறோம். ஜகார்த்தாவில் இறங்கி, ரயில், பஸ், கப்பல் என்று மாறி மாறி யோக்யகர்த்தா, புரோமோ எரிமலை, பாலி, லொம்போக், சும்பாவா வழியாக ஃப்ளோரெஸ் தீவின் லபுவான் பாஜோ வரை போய், அங்கிருந்து விமானத்தில் ஜகார்த்தா திரும்பி ஊருக்கு வர எண்ணம். கையில் 28 நாள். செலவைக் குறைக்க வேண்டும். வழியில் கப்பல் நின்றுபோனாலோ, பாஸ்போர்ட் தொலைந்தாலோ, உடம்புக்கு முடியாமல் போனாலோ எப்படிச் சமாளிப்பது?

பதில்: உங்கள் திட்டத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்தால் பாதிக் கவலை லேசாகிவிடும். பயணத்தைத் திருப்பிப் போடுங்கள். ஜகார்த்தாவில் இறங்கிய ஓரிரு நாளிலேயே உள்நாட்டு விமானம் பிடித்து லபுவான் பாஜோ போய்விடுங்கள். அங்கிருந்து தரைவழியாக மேற்கே ஜகார்த்தாவை நோக்கி வாருங்கள். எப்படியும் ஒரு விமான டிக்கெட் வாங்கத்தான் போகிறீர்கள். அதைக் கடைசியில் வாங்காமல் முதலில் வாங்குகிறீர்கள், அவ்வளவுதான்.

காரணம் இதுதான். ஜாவாவில் ஒரு ரயிலை விட்டால் சில மணி நேரத்தில் இன்னொன்று வரும். பாலியிலிருந்து கிழக்கே ரயிலே கிடையாது. லொம்போக், சும்பாவா என்று போகப் போக பஸ் குறையும், ஏடிஎம் குறையும், ஆஸ்பத்திரிகள் சிறிதாகும். சும்பாவாவின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் சாப்பே துறைமுகத்துக்கும் லபுவான் பாஜோவுக்கும் இடையிலான கப்பல்தான் இந்த வழியிலேயே நம்பிக்கை குறைந்த இடம். ஆறேழு மணி நேரக் கடல் பயணம் அது. அலை உயர்ந்தால் ஒரு நாளும் நிற்கும், மூன்று நாளும் நிற்கும். ஜூலை மழையில்லாத மாதம், கடல் அமைதியாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அப்போது தென்கிழக்குக் காற்று பலமாக வீசும், நீரிணைகளில் அலை எழும். நீங்கள் போட்டிருக்கும் வரிசைப்படி அந்தத் தடை 25ஆம் நாளில் வந்தால் ஊர் திரும்பும் விமானம் போச்சு, விசாவும் முடிந்துபோகும். திருப்பிப் போட்டு, அது 5ஆம் நாளில் வந்தால் லபுவான் பாஜோவில் இரண்டு நாள் கூடுதலாக இருந்துவிட்டு, பிறகு ஜாவாவில் ஓர் ஊரைக் குறைத்துக்கொள்ளலாம்.

விசாவைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு வருகை விசா 5 லட்சம் ருப்பியா, 30 நாள். நீங்கள் இறங்கும் நாளே முதல் நாளாகக் கணக்காகும். ஒரு முறை இன்னும் 30 நாள் நீட்டிக்கலாம். ஆனால் அதற்குக் குடிவரவு அலுவலகத்துக்கு அலைய வேண்டும், நாள் பிடிக்கும். கடைசி நேரத்தில் ஓடினால் காரியம் ஆகாது. கெடு தாண்டித் தங்கினால் ஒரு நாளைக்கு 10 லட்சம் ருப்பியா அபராதம். மலிவுப் பயணத்தில் மிச்சம் பிடித்த அத்தனையும் இரண்டே நாளில் போய்விடும். 28 நாளைப் பயணத்துக்கு நிரப்பாமல் 24 நாளுக்கு மட்டும் திட்டம் போடுங்கள். மீதி நான்கு நாள் கப்பலுக்கும் காய்ச்சலுக்கும். விசாவை ஆன்லைனில் முன்கூட்டியே எடுக்கலாம், ஆனால் கூடுதல் பணம் பிடுங்கும் போலித் தளங்கள் உண்டு. அரசுத் தளத்தின் முகவரி '.கோ.ஐடி' என்றுதான் முடியும்.

நம்மவர்களுக்கு இன்னொரு விஷயம். நம் பாஸ்போர்ட் பலவற்றில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அங்கே இருக்கும். விசா, ரயில், கப்பல் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து பெயரைப் போடுங்கள். இந்தோனேசியாவிலேயே ஒற்றைப் பெயர்க்காரர்கள் ஏராளம் என்பதால் ஒரே பெயரைப் பார்த்து யாரும் திகைக்க மாட்டார்கள். டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் ஒத்துப்போகாவிட்டால்தான் ரயில் நிலைய வாசலில் நிறுத்துவார்கள்.

இனி பாதை. லபுவான் பாஜோவிலிருந்து கப்பலில் சாப்பே. அங்கிருந்து பீமா நகரம் சாலையில் இரண்டு மணி நேரம் போல. பீமாவில் ஏறினால் லொம்போக்கின் மாத்தாராம் வரை இரவு பஸ் உண்டு. நடுவில் போத்தோ தானோ துறைமுகத்தில் பஸ்ஸே கப்பலில் ஏறி லொம்போக்கின் கயாங்கானில் இறங்கும். பிறகு லொம்போக்கின் லெம்பார் துறைமுகத்திலிருந்து பாலியின் பாடாங் பாய்க்கு நான்கைந்து மணி நேரக் கப்பல். பாலியைக் குறுக்கே கடந்து கிலிமானுக் போனால், அங்கிருந்து ஜாவாவின் கெத்தாபாங்குக்கு நாள் முழுக்கக் கப்பல் ஓடுகிறது. ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம், நடந்து ஏறுபவருக்குக் கட்டணம் பத்தாயிரம் ருப்பியாவைச் சற்றுத் தாண்டும். நம் காசில் அறுபது ரூபாய் கூட இல்லை. பாலியில் மணி 7 என்றால் ஜாவாவில் 6 என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கெத்தாபாங் ரயில் நிலையம் துறைமுகத்திலிருந்து நடக்கும் தூரம்தான். அங்கே காலையில் கிளம்பும் ஸ்ரீ தஞ்சோங் ரயில் இரவில் யோக்யகர்த்தாவின் லெம்புயாங்கான் நிலையத்தில் இறக்கிவிடும். அரசு மானியம் உள்ள எகோனோமி வகுப்பு, கட்டணம் ஒரு லட்சம் ருப்பியாவுக்குள், அதாவது 500 ரூபாய்க்குச் சற்று முன்பின். நாள் முழுக்க உட்கார்ந்தே வர வேண்டும். புரோமோ போக அதே ரயிலில் வழியிலேயே புரோபோலிங்கோவில் இறங்கிக்கொண்டு, யோக்யகர்த்தா பக்கம் போகும் வேறொரு ரயிலைப் பிறகு பிடிக்கலாம். இந்தோனேசிய ரயில்கள் நேரம் தவறுவது அரிது, ஆகவே நீங்களும் தவறக் கூடாது. ஜூலை நடுவரை அங்கே பள்ளி விடுமுறை. வார இறுதி டிக்கெட்டுகள் சீக்கிரமே தீரும். ரயில்வேயின் செயலியில் ஒன்றரை மாதம் முன்பே பார்த்துவையுங்கள்.

சரி, கப்பல் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். துறைமுக டிக்கெட் கவுண்டருக்குப் பெயர் லோக்கெட். அங்கே நேரில் போய்க் கேளுங்கள். கடலை மூடுவதும் திறப்பதும் சியாபண்டார் எனப்படும் துறைமுக அதிகாரி. வானிலைத் துறையான பிஎம்கேஜி வெளியிடும் அலை எச்சரிக்கையைப் பார்த்துத்தான் அவர் முடிவெடுப்பார். அந்த எச்சரிக்கையை நீங்களும் போனில் பார்க்கலாம். ஹோட்டல்காரரும் தரகரும் சொல்வதை விட அதை நம்புங்கள். பெரிய கப்பலே நின்றிருக்கும் நாளில் 'என் படகு போகும்' என்று யாராவது வந்தால், எவ்வளவு மலிவாகச் சொன்னாலும் ஏறாதீர்கள். இதில் எனக்கு எந்தச் சமரசமும் இல்லை. லொம்போக்கிலிருந்து லபுவான் பாஜோ அருகிலுள்ள கொமோடோ தீவு வரை மூன்று, நான்கு நாள் கூட்டிப்போகும் மரப்படகுப் பயணங்களும் இதில் அடக்கம். 2014 ஆகஸ்டில் அப்படிக் கிளம்பிய சுற்றுலாப் படகு ஒன்று 25 பேருடன் மூழ்கியது. 23 பேர் மீட்கப்பட்டார்கள், இருவர் கிடைக்கவே இல்லை.

பெரிய கப்பலிலும் கவனம் வேண்டும். 2025 ஜூலை 2 இரவு கெத்தாபாங்கிலிருந்து கிலிமானுக்குக்குக் கிளம்பிய 'துனு பிரத்தாமா ஜெயா' பாலி நீரிணையில் மூழ்கியது. பட்டியல்படி 65 பேர் இருந்த அந்தக் கப்பலில் 30 பேர்தான் உயிரோடு மீட்கப்பட்டார்கள். நீங்கள் கடக்கப்போகும் அதே நீரிணை, அதே மாதம். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. கப்பலில் எப்படி இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். உங்கள் பஸ் கப்பலில் ஏறியதும் இறங்கி மேல்தளத்துக்குப் போய்விடுங்கள். நள்ளிரவாக இருந்தாலும் கீழ்த்தளத்தில் பஸ்ஸுக்குள் தூங்காதீர்கள். உயிர்காப்பு அங்கி எங்கே இருக்கிறது, படிக்கட்டு எந்தப் பக்கம் என்று உட்காரும் முன் பாருங்கள். பாஸ்போர்ட், பணம், போன் மூன்றும் உடம்போடு இருக்கட்டும்.

திருட்டையும் ஏமாற்றையும் விட அங்கே அதிகம் நடப்பது மறதி. பல ஏடிஎம்கள் முதலில் பணத்தைத் தந்துவிட்டு, 'இன்னும் வேண்டுமா' என்று கேட்ட பிறகுதான் கார்டைத் தரும். பணத்தை எடுத்ததும் வந்துவிட்டால் கார்டை இயந்திரம் விழுங்கிவிடும். வங்கிக் கிளையோடு ஒட்டிய ஏடிஎம்மில், வங்கி திறந்திருக்கும் நேரத்தில் எடுங்கள். ஆளுக்கு இரண்டு கார்டு, வேறு வேறு பையில். லபுவான் பாஜோ, பீமா, மாத்தாராம் இந்த மூன்று ஊரிலும் அடுத்த கட்டத்துக்கான பணத்தை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். அவசரத்துக்குக் கசங்காத புது நூறு டாலர் தாள் ஒன்றும் இருக்கட்டும். மடிப்பு விழுந்த தாளைப் பணம் மாற்றுபவர்கள் வாங்க மறுப்பார்கள்.

ஏமாற்று என்றால் பஸ் நிலையத் தரகர்கள்தான். அங்கே சாலோ என்பார்கள். பையைப் பிடுங்கி இழுத்தாலும் நேராக பஸ் கம்பெனி கவுண்டருக்குப் போய், டிக்கெட்டில் ஊர்ப் பெயரும் தொகையும் எழுதி வாங்குங்கள். புரோபோலிங்கோவில் வெளிநாட்டவரைப் பஸ் நிலையத்துக்குக் கொண்டுபோகாமல் ஒரு சுற்றுலா ஏஜென்சி வாசலில் இறக்கிவிட்டு 'இதுதான் நிலையம்' என்பது பழைய பழக்கம். போனில் வரைபடத்தைப் பார்த்தபடி போங்கள். உண்மையான நிலையத்தின் பெயர் பாயுவாங்கா. புரோமோவின் விளிம்பில் உள்ள செமோரோ லாவாங்குக்குப் போகும் வேன்கள் ஆள் நிறைந்த பிறகே கிளம்பும். காத்திருக்க மனமில்லையென்றால் மற்றப் பயணிகளோடு சேர்ந்து காலி இருக்கைக்கான காசைப் பங்கு போடலாம்.

பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் போக வேண்டியது அருகிலுள்ள போல்செக், அதாவது வட்டாரக் காவல் நிலையம். 'சூரத் கெஹிலாங்கான்' என்று கேளுங்கள். தொலைந்ததற்கான சான்று அது. அது இல்லாமல் அடுத்த எதுவும் நகராது. இந்தியத் தூதரகம் ஜகார்த்தாவில் இருக்கிறது, பாலியிலும் மேடானிலும் துணைத் தூதரகங்கள் உண்டு. ஃப்ளோரெஸ், சும்பாவா, லொம்போக்கில் தொலைத்தால் பாலிக்குப் போவதுதான் கிட்டம். வழியில் காவல் துறைச் சான்றும் பாஸ்போர்ட் நகலும்தான் உங்கள் அடையாளம். தூதரகத்தில் ஊர் திரும்ப மட்டும் உதவும் அவசரச் சான்றிதழ் வாங்கலாம். அதோடு நேராக விமான நிலையம் போய்விடாதீர்கள். நாட்டை விட்டு வெளியேற இந்தோனேசியக் குடிவரவு அலுவலகத்தின் அனுமதியும் வேண்டும். சனி, ஞாயிறு குறுக்கிட்டால் இது ஒரு வாரம் இழுக்கும். பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்கங்கள், விசா, நுழைவு முத்திரை இவற்றின் படங்களை மின்னஞ்சலில் போட்டுவையுங்கள். பாஸ்போர்ட் அளவுப் படம் நாலைந்து எடுத்துச் செல்லுங்கள். வாடகை பைக்குக்குப் பிணையாகப் பாஸ்போர்ட்டைக் கேட்டால் கொடுக்காதீர்கள். கொஞ்சம் பணத்தை முன்பணமாக வைத்துக்கொள்ளும் வேறு கடை நிச்சயம் கிடைக்கும்.

உடம்பு விஷயத்தில் வயிற்றுப்போக்கு சாதாரணம். எந்த மருந்துக்கடையிலும் 'ஓராலிட்' கேட்டால் உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் தருவார்கள். ஊருக்கு ஊர் புஸ்கெஸ்மாஸ் என்ற அரசு ஆரம்ப சுகாதார நிலையம் உண்டு. செலவும் குறைவு. காய்ச்சல் இரண்டு நாளில் விடாவிட்டால் அங்கே போய் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், டெங்கு அங்கே பரவலாக உண்டு. அதுவரை பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் வேண்டாம், டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவை அதிகமாக்கும்.

இதை விட எனக்குக் கவலை தருவது நாயும் குரங்கும். பாலி, சும்பாவா, ஃப்ளோரெஸ் மூன்றிலும் வெறிநாய்க்கடி நோய் இருக்கிறது. கடித்தாலோ பிறாண்டினாலோ அந்த இடத்திலேயே சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுங்கள். அன்றே புஸ்கெஸ்மாஸ் அல்லது ஆஸ்பத்திரிக்குப் போய்த் தடுப்பூசி போடுங்கள். அங்கே அதை விஏஆர் என்பார்கள். ஆழமான கடிக்கு ஊசியோடு சீரமும் வேண்டும், அது சின்ன ஊரில் கிடைக்காமல் போகலாம். கிடைக்காவிட்டால் மற்றத் திட்டத்தையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு பாலியின் தலைநகர் டென்பசாருக்குப் போங்கள். மதுரையிலேயே முன்தடுப்பு ஊசி போட்டுக்கொண்டு போனால், அங்கே சீரம் தேவைப்படாது. செலவைப் பார்க்காமல் போட்டுக்கொள்ளுங்கள் என்பேன்.

எரிமலையும் உங்கள் வழியில் உண்டு. கிழக்கு ஃப்ளோரெஸின் லெவோதோபி 2024 நவம்பரிலும் 2025இன் நடுவிலும் வெடித்தபோது பாலி விமானங்களே ரத்தாயின. மாக்மா இந்தோனேசியா என்ற அரசுத் தளம் ஒவ்வொரு மலையின் நிலையையும் நான்கு படிகளில் காட்டும். சியாகா, ஆவாஸ் இவை மேல் இரண்டு படிகள். லபுவான் பாஜோ விமானம் சாம்பலால் ரத்தானால் நீங்கள் முதலில் நினைத்த வழியிலேயே, ஜாவாவிலிருந்து கிழக்கே கிளம்புங்கள். ஆனால் பாலியோ லொம்போக்கோ வந்ததும் நாளை எண்ணிப் பாருங்கள். பத்து நாளுக்குக் குறைவாக இருந்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள்.

செலவு என்று பார்த்தால், அறையைப் பகிர்ந்துகொண்டு, வாருங் எனும் சிறு கடைகளில் சாப்பிட்டால், பயணமும் சேர்த்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லட்சம் ருப்பியாவில், அதாவது 2,200 ரூபாய்க்குள் போகும் என்பது என் கணக்கு. கொமோடோ படகு, புரோமோ, யோக்யகர்த்தா அருகிலுள்ள போரோபுதூர் புத்தக் கோயில் நுழைவுக் கட்டணங்கள் தனி. போரோபுதூரின் மேலே ஏற மட்டும் வெளிநாட்டவருக்கு 4 லட்சத்துக்கு மேல் ஆகும். சைவம் என்றால் தெம்பே, தோஃபு, கீரை எங்கும் கிடைக்கும். சம்பால் எனும் மிளகாய்த் துவையலில் இறால் விழுது கலந்திருக்கும் என்பதால் 'தன்பா தெராசி' என்று சொல்லி வாங்குங்கள்.

அறையிலும் சாப்பாட்டிலும் எவ்வளவு வேண்டுமானாலும் மிச்சம் பிடியுங்கள். இரவு பஸ்ஸில் நல்ல இருக்கைக்கும், அதிகாலைக் கப்பலுக்கு முந்தைய இரவு துறைமுகத்தருகே அறைக்கும், பயணக் காப்பீட்டுக்கும் மட்டும் கையை இழுக்காதீர்கள். காப்பீடு வாங்கும்போது இரு சக்கர வாகன விபத்து அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். பைக் வகை குறிக்கப்பட்ட சர்வதேச ஓட்டுநர் அனுமதி இல்லாமல் ஓட்டி விழுந்தால் பெரும்பாலான காப்பீட்டில் ஒரு பைசா வராது. அந்த அனுமதியை மதுரை ஆர்டிஓ அலுவலகத்தில் கிளம்புவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். போனில் நான்கு எண்களும் ஏறட்டும்: போலீஸ் 110, ஆம்புலன்ஸ் 119, கடல் மற்றும் மலை மீட்புப் படை 115, பல நகரங்களில் பொது அவசர எண் 112.