சாப்ளின், 25 வயதுவரை: கேள்வி பதில்

மௌனப் படங்களைப் பற்றி ஓயாமல் எழுதுகிறவன் என்பதால் சார்லி சாப்ளின் குறித்த கேள்விகளை என் தலையில் கட்டிவிட்டார்கள். 1914 வரைதான் பேசுவேன். அதற்குப் பிந்தியது ஊரறிந்த கதை.

பெற்றோர் மேடைக் கலைஞர்களாமே? வாய்ப்பு எளிதாகக் கிடைத்திருக்குமே?

இருவரும் லண்டன் மியூசிக் ஹால் எனும் கேளிக்கை மேடைகளின் பாடகர்கள்தான். தந்தை குடித்தே 1901இல் இறந்தார். தாய்க்குச் சித்தம் கலங்கியது. பையன் ஏழு வயதில் லாம்பெத் ஏழைகள் விடுதிக்குப் போனான். எளிதாக என்ற சொல் இங்கே எங்கே ஒட்டுகிறது? மரக்காலணி நடனக் குழுவில் ஆடினான். 1903 முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாடகத்தில் பணிப்பையன் வேடமிட்டு ஊர் ஊராகப் போனான்.

மழையில் நடப்பது பிடிக்கும், கண்ணீர் தெரியாது என்று அவர் சொன்னது எந்த ஆண்டு?

எங்கே, எப்போது சொன்னார் என்று இன்றுவரை எனக்கு யாரும் காட்டவில்லை. அவர் படம் ஒட்டி வரும் பொன்மொழிகளை நம்பாதீர்கள்.

நகைச்சுவையை எங்கே கற்றார்? (நாடகக்காரர்)

இதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். பிரெட் கார்னோவின் நகைச்சுவை நாடகக் கம்பெனியில். அண்ணன் சிட்னி முன்பே அங்கே இருந்தார். 1908 பிப்ரவரியில் தம்பிக்கு இரண்டு வாரச் சோதனை கிடைத்தது, வயது பதினெட்டு. கால்பந்துக் கூத்து ஒன்றில் வில்லன் வேடம். பார்வையாளருக்கு முதுகைக் காட்டியபடியே நுழைந்தார். நீள்கோட்டு, உயரத் தொப்பி, கைத்தடி: பின்னாலிருந்து பார்த்தால் கனவான். சட்டென்று திரும்பினார், சிவப்பு மூக்கு! அரங்கம் சிரித்தது. அடுத்து ஒரு எடைக்கட்டையில் இடறினார். கைத்தடி குத்துப்பந்தில் சிக்க, பந்து திரும்பி வந்து முகத்தில் அறைந்தது. இதெல்லாம் அவரே எழுதியிருப்பது. கம்பீரமாக வந்து கேவலப்பட்டுப் போவது என்ற பிற்காலச் சாப்ளின் அந்த ஒரு நிமிடத்திலேயே இருக்கிறார். சம்பளம் வாரம் மூன்று பவுன் பத்து ஷில்லிங். ஒரே ஆட்டத்தை இரவுக்கு இரவு ஆடி, சிரிப்பு எந்த நொடியில் விழும் என்று அளந்து பழகினார். சினிமாவுக்குள் வந்தபோது அவர் கற்றுக்குட்டி அல்லர்.

லாரல்-ஹார்டி ஜோடியின் லாரலும் அவரும் நண்பர்களா?

1910இல் ஒரே கம்பெனியோடு அமெரிக்கா போனார்கள், ஒரே அறை. அறையில் சமைக்கத் தடை. லாரல் இறைச்சித் துண்டுகளை வறுக்க, அந்தச் சத்தம் வெளியே கேட்காதிருக்கச் சாப்ளின் வயலின் வாசிப்பாராம். லாரல் சொன்னது.

அவருடைய நாடோடி வேடத்தின் அந்த நடை பிரெட் கிச்சனிடமிருந்து திருடியது. ஏன் மறைக்கிறீர்கள்? (அதே நாடகக்காரர்)

மறைக்கவில்லை, நீங்கள் இப்போதுதான் கேட்கிறீர்கள். கிச்சன் கார்னோவின் மூத்த நடிகர். பெரிய பூட்ஸோடு பாதம் அகற்றி நடந்தவர். சாப்ளினோ, லண்டனில் மதுக்கடை வாசலில் குதிரைகளைப் பிடித்துக்கொண்டு நின்ற கிழவரின் நடை என்றார். இரண்டும் கலந்திருக்கலாம் என்பது என் கணிப்பு. ஒருவர் விலகினால் அடுத்தவர் அதே வேடத்தை ஏற்கும் கம்பெனி அது. அங்கே திருட்டு என்பது பெரிய சொல், ஐயா.

மழை வாசகம் அவருடையதுதானே?

மேலே பாருங்கள்.

ஹிட்லரின் மீசை...

1914 என்றேனே.

சம்பளம் எப்படி ஏறியது?

முதல் படநிறுவனமான கீஸ்டோனில் வாரம் 150 டாலர். 1914 இறுதியில் எஸ்ஸனே நிறுவனத்தில் சேர்ந்தபோது 1,250. அதற்குப் பிந்திய கதை என் எல்லைக்கு வெளியே.

நடை இரவல், வேடம் கார்னோவுடையது. அவருடையதென்று என்னதான் மிச்சம்? (மீண்டும் நாடகக்காரர்)

விடமாட்டீர்கள் போலிருக்கிறது. 1914 பிப்ரவரி 7இல் வெளியான ‘கிட் ஆட்டோ ரேசஸ் அட் வெனிஸ்’ படத்தைப் பாருங்கள், சில நிமிடங்கள்தான். வெனிஸ் என்பது கலிபோர்னியாவில் இருப்பது. குழந்தைகளின் கார் பந்தயத்தைப் படமெடுக்க வந்தவர்களின் கேமராவை ஒரு நாடோடி (சாப்ளின்தான்) மறைத்துக்கொண்டே இருக்கிறான். தள்ளிவிடுகிறார்கள், திரும்ப வருகிறான். கதை அவ்வளவே. பின்னால் நிற்பது துணை நடிகர்கள் அல்லர், பந்தயம் பார்க்க வந்த ஊர்ச்சனம். அவர் யாரென்றே அவர்களுக்குத் தெரியாது. நாடோடியை விட்டுவிட்டு அந்த முகங்களை மட்டும் ஒருமுறை பாருங்கள். பந்தயத்தை மறந்து இவரைப் பார்க்கிறார்கள். பிறகு வந்து சண்டை போடுங்கள்.

மழையில் நடப்பது...

கடையைக் கட்டுகிறேன்.