40 நிமிட வீடியோவில் சத்தம் போகப் போகப் பிந்தினால்

போனில் எடுத்த 40 நிமிடத் திருவிழா வீடியோவை எடிட் செய்யும்போது சத்தம் போகப் போகப் பிந்துகிறது என்று கேட்டிருந்தீர்கள். சத்தத்தைத் துண்டு துண்டாக வெட்டி இழுத்துப் பொருத்த வேண்டாம், பிழை வீடியோவில். பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாக் கிளிப்பை வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் போட்டு, வீடியோ பகுதியில் 30 எஃப்பிஎஸ் (நொடிக்கு 30 ஃப்ரேம்), ‘கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட்’ (மாறாத ஃப்ரேம் வேகம்) இரண்டையும் தெரிவுசெய்து மாற்றுங்கள். வந்த ஃபைலை எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் வையுங்கள். ஹேண்ட்பிரேக்கில் தரத்தைக் குறிக்கும் ஆர்எஃப் எண்ணை 18 இல் வைத்தால் போதும்.

தொடக்கத்தில் சரி, முடிவில் தவில் பிந்திக் கேட்கிறது என்கிறீர்கள். அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக விலகினால் பெரும்பாலும் போன்தான் காரணம். வெளிச்சம் குறைந்த இடத்தில் அது ஃப்ரேம் வேகத்தைத் தானாகக் குறைக்கும். இரவுத் திருவிழாவில் சாமி வெளிவீதிக்கு வரும்போது கேட்கவே வேண்டாம். எடிட்டிங் மென்பொருளோ எல்லாம் ஒரே வேகம் என்று எண்ணி ஓட்டும். உப்புவெளியில் எடுத்த ஒரு கலியாண வீடியோவில் எனக்கும் இதுதான் நடந்தது: தாலி கட்டும் நேரம் தவில்காரரின் கை மேலே எழும்பிவிட்டது, அடி அதற்குப் பிறகுதான் கேட்டது. இரண்டு இரவு வீணாய்ப் போனது.

மாற்ற முன் ஃபைலின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் கிளிப்பைத் திறந்து ‘ஃப்ரேம் ரேட் மோட்’ பாருங்கள். ‘வேரியபிள்’ (மாறும் வேகம்) என்றிருந்தால் இதுதான் பிரச்சினை.

ஒன்று மட்டும்: சத்தத்தைத் தனி ரெக்கார்டரில் எடுத்திருந்தால் இது மட்டும் போதாது. இரண்டு கருவிகளின் கடிகாரமும் அச்சொட்டாக ஒன்றாக ஓடாது. அப்போது சத்தத்தின் நீளத்தையும் சிறிது மாற்ற வேண்டும். எதற்கும் மூலக் கிளிப்பை அழித்துவிடாதீர்கள், அந்தத் திருவிழாவைத் திரும்ப எடுக்க முடியாது.