ஏற்காடு மலைக் கிராமத்தில் வீட்டுக்கு எந்த இன்டர்நெட் இணைப்பு எடுக்கலாம்?

நாகலூர்ப் பக்கம் குடிவருகிறேன், வீட்டிலிருந்துதான் வேலை, எந்தக் கம்பெனி நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். மலையில் கம்பெனி பெயரை வைத்து ஒன்றும் சொல்ல முடியாதுங்க. உங்கள் வாசல் வழியாக எந்தக் கேபிள் போகிறது, அது அறுந்தால் ஒட்ட யார், எங்கிருந்து வருவார்? இதை முதலில் அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள்.

நான் முதலில் எடுத்த இணைப்புக்கு, ஆள் சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வரவேண்டும். வேகத்தில் குறையே இல்லை. பக்கத்து எஸ்டேட்டில் காபிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் கிளைகளைக் கழித்தார்கள், கேபிளும் சேர்ந்து விழுந்தது. பெட்டியில் ஒன்பது நாள் சிவப்பு விளக்கு. "நாளைக்கு வந்துடுவோம் சார்" என்பதையும் ஒன்பது முறை கேட்டேன். இப்போது இருப்பது ஊர்க் கேபிள் டிவிக்காரர் கொடுத்த ஃபைபர். வேகம் பாதிதான். ஆனால் அவர் வீடு நடக்கிற தூரம், ஃபைபர் ஒட்டும் மெஷினும் சொந்தமாக வைத்திருக்கிறார். சாயங்காலம் அறுந்தால் ராத்திரிக்குள் சரியாகிவிடும்.

ஃபைபர் கிடைத்தால் அதையே எடுங்கள். பழைய டெலிபோன் செம்புக் கம்பியில் இருந்தபோது சித்திரை இடிமழைக்கு எனக்கு இரண்டு மோடம் புகைந்தன. ஃபைபர் கண்ணாடி இழை, மின்சாரம் கடத்தாது. கரண்ட் பக்கமிருந்து வரும் ஆபத்து மட்டும் அப்படியேதான், இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

கேபிளே வராத இடமென்றால் ஜியோ, ஏர்டெல் தரும் ஏர்ஃபைபர் (கேபிள் இல்லாமல் செல்போன் டவர் சிக்னலில் வரும் வீட்டு இன்டர்நெட்) பார்க்கலாம். டவர் கண்ணுக்குத் தெரிந்தால் அருமை. நடுவில் மரக்கூட்டமோ மேடோ இருந்தால் 5ஜி சிக்னல் அதிலேயே தேய்ந்துவிடும், இலை நனைந்திருந்தால் இன்னும் மோசம். அதனால் ஒரு மழை நாளில், மொட்டை மாடியில் நின்று, அந்தக் கம்பெனி சிம் போட்ட ஆண்ட்ராய்டு போனின் செட்டிங்ஸில் 'சிம் ஸ்டேட்டஸ்' போய், சிக்னல் வலிமை எத்தனை dBm என்று பாருங்கள். மைனஸ் 85 பக்கம் காட்டினால் தைரியமாக எடுக்கலாம். மைனஸ் 110 என்றால் வேண்டாம்.

ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் (கரண்ட் போனாலும் அதை ஓடவைக்கும் சின்ன பேட்டரிப் பெட்டி) ஒன்று வாங்கிவிடுங்கள், இங்கே காற்றடித்தாலே கரண்ட் போகும். அப்புறம், 599 ரூபாய் பிளான் என்றால் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 707 வரும். ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் சலுகை என்று ஆசை காட்டுவார்கள். ஒரு மழைக்காலம் தாண்டும்வரை மாதாமாதமே கட்டுங்கள்.