ஆங்கிலத்தில் எழுதுவது ஒன்று, வாசிப்பது ஒன்றாக இருப்பது ஏன்? குழப்பும் சொற்களை எப்படிப் பழகுவது?

கேள்வியில் மூன்று சொற்களைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். குதிரைவீரனைக் குறிக்கும் நைட்டில் கே எதற்கு, கடனைக் குறிக்கும் டெட்டில் பி எதற்கு, கேன் என்பதன் இறந்தகாலமான குட்டில் எல் எதற்கு என்று. இதற்கெல்லாம் காரணம் இருக்கிறதா, இல்லை மனப்பாடம்தான் ஒரே வழியா என்று கேட்கிறீர்கள். காரணம் இருக்கிறது. மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு காரணங்கள். ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்குவதுதான் என் தொழில், நாள் முழுக்க இந்தச் சொற்களோடுதான் பழக்கம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் நைட். கே, என், ஐ, ஜி, எச், டி என்று ஆறு எழுத்து. அதில் கே, ஜி, எச் மூன்றும் இன்று வாயில் வருவதே இல்லை. ஆனால் ஒரு காலத்தில் எல்லாமே ஒலித்தன. கேயையும் என்னையும் சேர்த்து ‘க்னி’ என்று தொடங்குவார்கள். ஜி, எச் இரண்டும் சேர்ந்து ஒரே ஒலி. ‘அஃது’ என்று சொல்லும்போது தொண்டையில் ஒன்று உரசுகிறதே, கிட்டத்தட்ட அது. முழுதாகச் சொன்னால் ‘க்னிஃக்ட்’. ஜெர்மன் மொழியில் இதற்கு உறவான சொல் ஒன்று உண்டு, க்னெஃக்ட். அங்கே இன்றும் கே ஒலிக்கிறது, தொண்டை உரசலும் இருக்கிறது. ஆங்கிலேயர்கள் சொல்லும் விதத்தை மாற்றிக்கொண்டார்கள், எழுதும் விதத்தை மாற்றவில்லை.

இது நமக்குப் புதிதல்ல. ‘இருக்கிறது’ என்று எழுதுகிறோம், ‘இருக்கு’ என்று பேசுகிறோம். எழுத்து ஓரிடத்தில் நின்றுவிட்டது, நாக்கு நடந்துகொண்டே இருக்கிறது. வித்தியாசம் என்னவென்றால், மேடையில் வாசிக்கும்போது நாம் எழுதியபடியே ‘இருக்கிறது’ என்று வாசிக்க முடியும். ஆங்கிலத்தில் அந்த வழி அடைபட்டுவிட்டது. எழுத்துப் பழையது, வாசிப்பு புதியது, இடையில் பாலம் கிடையாது.

ஏன் அப்படி நின்றது என்பதற்கு ஒரு காலக்கணக்கு இருக்கிறது. வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்தின் முதல் அச்சகத்தை வெஸ்ட்மின்ஸ்டரில் 1476இல் தொடங்கினார். அச்சு வந்துவிட்டால் ஸ்பெல்லிங் மெல்ல உறைந்துபோகும். அது உறையத் தொடங்கிய நேரம்தான் மிக மோசமான நேரம். ஏறத்தாழ 1400 முதல் 1700 வரை ஆங்கிலத்தின் நெடில் உயிரொலிகள் எல்லாமே இடம் மாறிக்கொண்டிருந்தன. ஆங்கிலத்தில் இதை கிரேட் வவல் ஷிஃப்ட் என்பார்கள், தமிழில் பேருயிர் மாற்றம் என்று சொல்லலாம். அதற்கு முன் நேம் என்பது ‘நாமெ’, டைம் என்பது ‘டீமெ’, ஹவுஸ் என்பது ‘ஹூஸ்’. அந்தக் காலத்து உச்சரிப்பில் ஏ என்றால் ஆ, ஐ என்றால் ஈ. நம் காதுக்கு எவ்வளவு நேராக இருக்கிறது பாருங்கள்! அச்சுக்காரர்கள் பழைய ஸ்பெல்லிங்கைப் பிடித்து வைத்தார்கள், வாய் அதற்கப்புறமும் மாறிக்கொண்டே போனது. சாமுவேல் ஜான்சனின் அகராதி 1755இல் வந்தபோது ஸ்பெல்லிங் பெரும்பாலும் இறுகிவிட்டது.

சந்திப்பைக் குறிக்கும் மீட்டையும் இறைச்சியைக் குறிக்கும் மீட்டையும் ஏன் வேறு வேறாக எழுதுகிறார்கள் என்பதற்கும் இதே விடைதான். முன்பு இரண்டும் ஒரே மாதிரி ஒலிக்கவில்லை. இரட்டை ஈ போட்டால் ஒரு ஒலி, ஈ-ஏ போட்டால் இன்னொரு ஒலி. பின்னால் இரண்டு ஒலிகளும் ஒன்றாகிவிட்டன, எழுத்து மட்டும் பழைய பிரிவினையைக் காத்து வைத்திருக்கிறது. கிரேட், பிரேக், ஸ்டேக் ஆகிய சொற்கள் அந்த ஒன்றுசேர்தலில் கலந்துகொள்ளாமல் தனியே நின்றுவிட்டன. அதனால்தான் அவற்றில் ஈ-ஏ இருந்தும் ‘ஏ’ என்று சொல்கிறோம்.

டெட்டில் உள்ள பி கதை வேறு. அந்த பி ஆங்கிலேயர் வாயில் ஒருநாளும் ஒலித்ததில்லை. பிரெஞ்சிலிருந்து வந்தபோது அந்தச் சொல்லில் பி கிடையாது. 16ஆம் நூற்றாண்டை ஒட்டிய காலத்தில் படித்தவர்களுக்கு லத்தீன் மேல் பெரிய மரியாதை. ‘இதன் மூலம் லத்தீன் டெபிட்டும், ஆகவே பி இருக்க வேண்டும்’ என்று செருகினார்கள். சந்தேகத்தைக் குறிக்கும் டவுட்டிலும் அப்படித்தான் பி ஏறியது. ரசீதைக் குறிக்கும் ரிசீட்டில் இன்னொரு பி, அதாவது பேப்பரில் வரும் பி, ஏறியதும் இதே வழியில்தான். ஆனால் ஒரே லத்தீன் வேரிலிருந்து வந்த டிசீட், கன்சீட் இரண்டிலும் அந்த பி கிடையாது. ஒரு வீட்டுப் பிள்ளைகளில் ஒருவருக்கு மட்டும் இனிஷியல் போட்டதுபோல. தீவைக் குறிக்கும் ஐலண்டில் நடந்தது இன்னும் அநியாயம். அது லத்தீனே அல்ல, சுத்தமான பழைய ஆங்கிலச் சொல். பிரெஞ்சு வழி வந்த ஐல் என்ற சொல்லுக்கு உறவு என்று தவறாக நினைத்து எஸ்ஸைச் செருகிவிட்டார்கள். அதை நூற்றாண்டுகளாகக் குழந்தைகள் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார்கள்.

குட்டில் உள்ள எல் மூன்றாவது வகை. வுட், ஷுட் இரண்டிலும் எல் நியாயமாக உண்டு, ஏனென்றால் அவை வில், ஷல் என்பவற்றிலிருந்து வந்தவை. கேனில் எல் எங்கே இருக்கிறது? பக்கத்தில் நிற்கும் இருவரிடமும் இருக்கிறதே என்று இதற்கும் ஒன்று சேர்த்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

ஓ-யூ-ஜி-எச் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது. ‘இருந்தாலும்’ என்னும் தோ, ‘வழியாக’ என்னும் த்ரூ, ‘கடினம்’ என்னும் டஃப், இருமலைக் குறிக்கும் காஃப், மரக்கிளையைக் குறிக்கும் பவ், ‘எண்ணம்’ என்னும் தாட். ஆறிலும் அதே நான்கு எழுத்து, ஆறு விதமான ஒலி. முன்னே சொன்ன தொண்டை உரசல் ஒலி மறைந்தபோது சில சொற்களில் சுவடே இல்லாமல் போனது, சில சொற்களில் உதட்டுக்கு வந்து ‘ஃப்’ ஆனது. ஒரு வட்டாரத்தில் ஒரு மாதிரி, இன்னொரு வட்டாரத்தில் இன்னொரு மாதிரி. பொதுவழக்கு உருவானபோது எல்லாம் கலந்துவிட்டன. இதற்கு விதி தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். மொத்தமே சில டஜன் சொற்கள்தான், காதால் கேட்டுப் பழகிவிடலாம்.

ராணுவப் பதவியான கர்னல் மட்டும் தனிக்கதை. தமிழில் நாம் ஒலிப்படி ஆர் போட்டு எழுதுகிறோம், ஆங்கிலத்தில் எல் போட்டு எழுதுகிறார்கள். இத்தாலியச் சொல்லில் எல் இருந்தது, பிரெஞ்சுக்காரர்கள் அதை ஆர் ஆக்கினார்கள், ஆங்கிலம் பிரெஞ்சிடமிருந்து வாங்கியது. பின்னால் ஸ்பெல்லிங் மட்டும் இத்தாலிய மூலத்துக்குத் திரும்பியது, உச்சரிப்பு பிரெஞ்சிலேயே நின்றுவிட்டது.

இதுவரை சொன்னது எழுத்துக் குழப்பம். என் வேலையில் அதைவிட ஆபத்தானது பொருள் குழப்பம். எழுத்துப்பிழை கண்ணுக்குத் தெரியும், பொருள் பிழை தெரியாது.

சாங்ஷன் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அனுமதி கொடுப்பதும் அதுதான், தண்டனையாகத் தடை விதிப்பதும் அதுதான். ‘குழு அந்த நிறுவனத்தை சாங்ஷன் செய்தது’ என்று ஒரு வாக்கியம் வந்தால் அதற்கு முன்னும் பின்னும் இரண்டு பத்தி படிக்காமல் நான் கை வைப்பதில்லை. திட்டம், நிதி, கடன் என்று பேச்சு இருந்தால் அனுமதி. நாடு, நிறுவனம், ஆள் மீது வந்தால் பெரும்பாலும் தடை. ஓவர்சைட்டும் அப்படித்தான். மேற்பார்வை என்றும் பொருள், கவனக்குறைவால் விட்டுப்போனது என்றும் பொருள். மேற்பார்வைக் குழுவைப் பற்றிய அறிக்கையில் இந்தச் சொல் வந்தால் ஒவ்வொரு இடத்திலும் நிறுத்திப் படிக்க வேண்டும். ஒரு சின்னக் குறிப்பு உதவும்: ‘ஒரு’ என்னும் பொருளில் ‘ஆன்’ சேர்ந்து ‘ஆன் ஓவர்சைட்’ என்று ஒருமையில் வந்தால் அநேகமாகத் தவறு, அது இல்லாமல் பொதுவாக வந்தால் மேற்பார்வை.

கூட்டத்தில் ஒரு தீர்மானத்தை ‘டேபிள்’ செய்வது பிரிட்டனில் விவாதத்துக்கு எடுப்பது, அமெரிக்காவில் தள்ளிவைப்பது. இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டிஷ், அமெரிக்க அதிகாரிகள் இந்த ஒரு சொல்லால் நெடுநேரம் சண்டையிட்டார்கள் என்று சர்ச்சில் தன் போர் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். இரு தரப்பும் விரும்பியது ஒன்றையேதான். ‘க்வைட் குட்’ என்பதும் அப்படியே. அமெரிக்கர் சொன்னால் நல்ல பாராட்டு, பிரிட்டிஷ்காரர் சொன்னால் பெரும்பாலும் ‘பரவாயில்லை’.

உயிருக்கே ஆபத்தான சொல் ஒன்று உண்டு, இன்ஃபிளேமபிள். முன்னால் இருக்கும் ‘இன்’ எதிர்மறை அல்ல. எளிதில் தீப்பற்றும் என்றுதான் பொருள். ‘இன்’ என்பதைப் பார்த்துத் தீப்பிடிக்காது என்று யாராவது நினைத்துவிடுவார்களே என்ற கவலையில்தான் எச்சரிக்கைப் பலகைகளில் ஃபிளேமபிள் என்ற வடிவத்தைப் பரப்பினார்கள். இரண்டுக்கும் ஒரே பொருள். தீப்பற்றாததற்கு நான்ஃபிளேமபிள் என்று தனியே இருக்கிறது. இன்வேல்யுவபிள் என்பதும் மதிப்பற்றது அல்ல, மதிப்பிட முடியாத அளவு உயர்ந்தது. ‘ஹார்ட்லி’யும் பலரைக் கவிழ்க்கும். அவர் ஹார்டாக வேலை செய்கிறார் என்றால் கடுமையாக உழைக்கிறார். ‘ஹார்ட்லி’ வேலை செய்கிறார் என்றால் ஏறக்குறைய வேலையே செய்வதில்லை. சிபாரிசுக் கடிதம் எழுதுகிறவர்கள் இதை இரண்டு தடவை பார்த்துவிடுங்கள்.

அஃபெக்ட், எஃபெக்ட் மாதிரியான ஜோடிகளைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். முதலாவது பெரும்பாலும் வினை, இரண்டாவது பெரும்பாலும் பெயர், அது போதும்.

தமிழ் பேசுகிறவர்கள் உண்மையில் கவனிக்க வேண்டியது அழுத்தம் என்பது என் கருத்து. நம் மொழியில் ஒரு சொல்லின் எந்த அசையை அழுத்திச் சொன்னாலும் பொருள் மாறாது. ஆங்கிலத்தில் மாறும். ரெக்கார்டில் முதல் அசையை அழுத்தினால் ஆவணம் என்ற பெயர்ச்சொல். இரண்டாவதை அழுத்தி ‘ரிக்கார்ட்’ என்றால் பதிவு செய் என்ற வினை. பிரசென்ட், ஆப்ஜெக்ட், பெர்மிட் எல்லாம் இதே வழியில் போகும்: பெயர் என்றால் முன்னால், வினை என்றால் பின்னால். ஃபோட்டோகிராஃப் என்பதில் முதல் அசை, ஃபோட்டோகிராஃபர் என்பதில் இரண்டாவது, ஃபோட்டோகிராஃபிக் என்பதில் மூன்றாவது. அழுத்தம் நகர்ந்தால் மற்ற உயிரொலிகள் சுருங்கி ‘அ’ மாதிரி ஆகிவிடும். நாம் எல்லா அசையையும் சமமாகத் தெளிவாகச் சொல்கிறோம். இலக்கணம் சரி, சொல் சரி, ஆனாலும் எதிராளி ‘என்ன?’ என்று திரும்பக் கேட்கிறார். பாதிக்கு மேல் காரணம் இதுதான். நல்ல அறிவாளிகள் இந்த ‘என்ன?’வுக்குப் பயந்து வாயைத் திறக்காமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். அவர்கள் அறிவில் ஒரு குறையும் இல்லை, அழுத்தத்தை யாரும் சொல்லித்தரவில்லை.

சரி, இவ்வளவு தொல்லைக்கு ஸ்பெல்லிங்கையே மாற்றிவிடலாமே என்று கேட்பீர்கள். முயன்றிருக்கிறார்கள். அமெரிக்காவில் நோவா வெப்ஸ்டர் தன் அகராதிகள் வழியாகக் கலரில் இருந்த யூவை எடுத்தார், சென்டரில் கடைசி இரண்டு எழுத்தை இடம் மாற்றினார். அது நின்றது. நாக்கைக் குறிக்கும் டங்குக்கும் அவர் எளிய ஸ்பெல்லிங் முன்வைத்தார், அது நிற்கவில்லை. பெர்னார்ட் ஷா புதிய எழுத்துமுறை ஒன்றுக்காக உயிலில் பணமே ஒதுக்கினார். அவர் இறந்த பிறகு அந்த எழுத்து உருவாகி, 1962இல் அவருடைய நாடகம் ஒன்று அதில் அச்சானது. அதற்கு மேல் நகரவில்லை. உச்சரிப்புப்படி எழுதலாம் என்றால் யாருடைய உச்சரிப்பு? காரின் கடைசி ஆர் அமெரிக்கர் வாயில் உண்டு, லண்டன்காரர் வாயில் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. ஒலிக்காத எழுத்துகள் பல இடத்தில் உறவைக் காட்டுகின்றன. சைனில் ஜி ஒலிக்காது, சிக்னேச்சரில் ஒலிக்கிறது. பாமில் கடைசி பி ஒலிக்காது, பம்பார்டில் ஒலிக்கிறது. தசையைக் குறிக்கும் மஸ்ஸிலில் சி வாயே திறக்காது, மஸ்குலரில் ‘க்’ என்று வரும். உச்சரிப்புப்படி எழுதினால் இந்தக் குடும்பங்கள் பிரிந்துவிடும். ஒலிக்காத எழுத்து மறந்துபோகிறது என்றால் அதன் உறவுச்சொல்லைத் தேடுங்கள். டெட்டில் பி மறந்தால் வங்கிக்கணக்கின் டெபிட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

பழகும் வழி என்று கேட்டதால்: புதுச்சொல் வந்தால் அகராதியில் பொருளோடு நிறுத்தாமல் ஒலிப்பொத்தானை அழுத்திக் கேளுங்கள், உடனே வாய்விட்டுச் சொல்லுங்கள். உச்சரிப்புக் குறிப்பில் மேலே ஒரு சின்ன நெடுங்கோடு இருக்கும், அதற்கு அடுத்து வரும் அசையைத்தான் அழுத்த வேண்டும். டெவலப் என்ற சொல்லில் அது ‘வெ’க்கு முன்னால் இருக்கும், ‘டெ’க்கு முன்னால் அல்ல.